எல்.டி.எல். நார்மல் என்றால் போதுமா? ரத்தத்தில் கொழுப்பு கைமாறும் விதம்

தர்மபுரியிலோ ஓசூரிலோ ஒரு லேபில் லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புச் சோதனை எடுத்தால், ஒரே தாளில் ஐந்தாறு எண்கள் வரிசையாக வரும்: மொத்தக் கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல்., வி.எல்.டி.எல்., 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல்., கடைசியில் ஏதாவது ஒரு விகிதம். முக்கால்வாசிப் பேரின் கண் எல்.டி.எல். வரியில்தான் நிற்கும். அங்கே தடித்த எழுத்து இல்லையென்றால் தாள் மடிந்து பீரோவுக்குள் போய்விடும். நம் பக்கத்து மக்களுக்கு இந்தப் பழக்கம் ஆபத்தானது. இந்த எண்கள் தனித்தனியாக ஏறி இறங்குபவை அல்ல. கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் ரத்தத்துக்குள் ஒன்றோடொன்று சரக்கை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. டிரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். ஏன் விழுகிறது, எல்.டி.எல். அளவாக இருப்பவருக்கும் ஏன் மாரடைப்பு வருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த மாற்றத்தில் இருக்கிறது.

துகளின் அமைப்பு

ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் உடம்பு கொழுப்பை நுண்ணிய உருண்டைகளாகக் கட்டி, மேலே புரதம் பொருத்தி அனுப்புகிறது. இந்த உருண்டைகளுக்குத்தான் லிப்போபுரதம் என்று பெயர்.

உள்ளே இருக்கும் சரக்கு இரண்டு வகை. ஒன்று டிரைகிளிசரைடு. எரிபொருள் இதுதான், நாம் ஊற்றிச் சமைக்கும் எண்ணெயும் இடுப்பில் சேரும் கொழுப்பும் இதே பொருள்தான். இன்னொன்று கொலஸ்ட்ரால். செல்லின் சவ்வுக்கும், பித்தநீருக்கும், சில ஹார்மோன்களுக்கும் இது தேவை. ஆனால் கொலஸ்ட்ராலை எரித்து ஆற்றலாக மாற்ற உடம்பால் முடியாது. எவ்வளவு நடந்தாலும் ஓடினாலும் கொலஸ்ட்ரால் 'எரியாது'. அது வெளியேற முக்கியமான வழி, கல்லீரலுக்குத் திரும்பிப் பித்தநீரோடு குடலுக்குப் போவதுதான். எரியும் சரக்கும் எரியாத சரக்கும் ஒரே வண்டியில் போகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

உருண்டையின் மேல்தோல் பாஸ்போலிப்பிடால் ஆனது. அதன் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை கொழுப்போடு ஒட்டும். அந்தத் தோலில் பதிந்திருக்கும் புரதங்களை ஏபோபுரதம் என்பார்கள். துகள் எங்கே போக வேண்டும், எந்த நொதி அதைத் தொடலாம், எந்த செல் அதை விழுங்கலாம் என்பதையெல்லாம் இந்தப் புரதங்கள்தான் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஏபோ பி மிக முக்கியமானது. ஒரு துகளுக்கு ஒரே ஒரு ஏபோ பி தான் உண்டு. துகள் பிறந்ததிலிருந்து அழியும்வரை அது இடம் மாறாது. மற்ற ஏபோபுரதங்கள் துகளுக்குத் துகள் தாவும், ஏபோ பி தாவாது. அதனால் ரத்தத்தில் எத்தனை ஏபோ பி இருக்கிறதோ அத்தனை துகள் இருக்கிறது என்று கணக்கு வைக்கலாம்.

எல்.டி.எல். துகளின் குறுக்களவு ஏறக்குறைய 20 நானோமீட்டர். 50,000 துகள்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அந்தச் சிறு துகளுக்குள் சுமார் 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள் அடைபட்டிருக்கின்றன. கொழுப்பு அமிலம் ஒன்று சேர்ந்து, இன்னும் தண்ணீரில் கலக்காததாக மாறிய கொலஸ்ட்ராலைத்தான் எஸ்டர் என்கிறோம்.

சாப்பிட்ட எண்ணெய் எங்கே போகிறது

மதியம் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். குழம்பில் மிதந்த எண்ணெயைச் சிறுகுடலில் பித்தநீர் பொடிப்பொடியாகப் பிரிக்கிறது, கணையத்தின் லைபேஸ் நொதி அதை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் குடல் செல்லுக்குள் நுழைந்ததும் மறுபடியும் டிரைகிளிசரைடாக ஒட்டப்படுகின்றன. செல்லுக்குள் ஏபோ பி-48 என்ற புரதம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் கொழுப்பு ஏற்றப்படுகிறது. இப்படிப் பிறப்பதுதான் கைலோமைக்ரான். லிப்போபுரதங்களில் மிகப் பெரியது இது. அதன் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் டிரைகிளிசரைடு.

சர்க்கரையும் அமினோ அமிலமும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். கைலோமைக்ரான் அந்த வழியில் போவதில்லை. அது நிணநீர்க் குழாய்க்குள் இறங்கி, மார்பு வழியாக மேலேறி, இடது கழுத்தடியில் சிரைக்குள் வந்து விழுகிறது. அதனால் சாப்பாட்டுக் கொழுப்பு முதலில் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போய்ச் சேர்கிறது, கல்லீரலுக்குக் கடைசியில்தான் வருகிறது.

சாப்பிட்ட மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ரத்தத்தில் டிரைகிளிசரைடு உச்சத்துக்குப் போகும். டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவரின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, செல்கள் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நீரைப் பார்த்தால், மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டியது பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். அந்தக் குழாயை ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் ஓர் இரவு அசையாமல் வைத்தால், மேலே ஆடை மாதிரி ஒரு அடுக்கு தனியாகப் பிரிந்து மிதக்கும். அது கைலோமைக்ரான். கீழே உள்ள நீர் கலங்கலாகவே இருந்தால் அது வி.எல்.டி.எல். ஆடை மட்டும் பிரிந்து கீழே தெளிந்திருந்தால் சிக்கல் குடலிலிருந்து வந்த துகளில். ஆடையே இல்லாமல் முழுக்கக் கலங்கியிருந்தால் சிக்கல் கல்லீரல் துகளில். விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லாமல் கண்ணாலேயே பார்க்கக்கூடிய சோதனை இது.

ரத்தத்துக்குள் வந்ததும் கைலோமைக்ரான் முதலில் எச்.டி.எல். துகள்களிடமிருந்து இரண்டு புரதங்களைக் கடன் வாங்குகிறது: ஏபோ சி-2, ஏபோ ஈ. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள தந்துகிகளின் சுவரில் லிப்போபுரத லைபேஸ் என்ற நொதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஏபோ சி-2 இருந்தால்தான் அந்த நொதி வேலை செய்யும். அது டிரைகிளிசரைடை வெட்டி, கொழுப்பு அமிலங்களைத் திசுவுக்குக் கொடுக்கிறது. சில நிமிடங்களிலேயே துகள் சுருங்கிவிடும். உள்ளே சரக்கு குறைந்ததும் மேல்தோல் தொளதொளத்துப் போகிறது. மிஞ்சிய தோலும் கடன் வாங்கிய ஏபோ சி-2வும் எச்.டி.எல்.லுக்கே திரும்புகின்றன. எஞ்சிய துகள் ஏபோ ஈயைக் காட்டிக் கல்லீரலுக்குள் நுழைந்துவிடும். எச்.டி.எல். நன்றாக இருக்க வேண்டுமென்றால் இந்த வெட்டு வேலை மளமளவென்று நடக்க வேண்டும் என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சியும் இதற்கு உதவும்: உடற்பயிற்சி செய்யும் தசையில் இந்த நொதி கூடுதலாக இருக்கும்.

கல்லீரல் அனுப்பும் துகள்

எண்ணெயே சாப்பிடாத நாளிலும் கல்லீரல் தன் பங்குக்குத் துகள் கட்டி அனுப்பும். அதுதான் வி.எல்.டி.எல். இதில் இருப்பது முழு நீள ஏபோ பி-100. கல்லீரலுக்கு இதற்கான கொழுப்பு மூன்று வழியில் வருகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் பெரிய பங்கு. எஞ்சிய கைலோமைக்ரான் துகள் கொண்டுவருவது இன்னொரு பங்கு. மூன்றாவது, மிதமிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றுவது.

இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யும்போது கொழுப்புத் திசுவின் கசிவைப் பூட்டி வைக்கும். வயிற்றில் தொப்பை விழுந்து இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்காமல் போனால் அந்தப் பூட்டு தளரும். கொழுப்பு அமிலம் இரவும் பகலும் கல்லீரலுக்குப் பாயும், கல்லீரல் பெரிய பெரிய வி.எல்.டி.எல். துகள்களைக் கட்டி வெளியே தள்ளும். கூடவே ஏபோ சி-3 என்ற புரதமும் கூடும். அது லிப்போபுரத லைபேஸைத் தடுக்கும், துகளைக் கல்லீரல் திரும்ப எடுப்பதையும் தாமதப்படுத்தும். உற்பத்தியும் கூடி, வெட்டும் குறைந்தால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு தங்கிவிடும். சாராயமும் இதையே செய்யும்: கல்லீரலில் கொழுப்பைக் கூட்டும்.

கேழ்வரகுக்கு நம் ஊரில் நல்ல பெயர் உண்டு. கால்சியத்துக்கும் நார்ச்சத்துக்கும் அந்தப் பெயர் தகும். ஆனாலும் 100 கிராம் மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்துதான். பென்னாகரத்திலும் தளியிலும் நாள் முழுக்கக் காட்டில் உழைத்தவர் இரண்டு உருண்டைக் களி சாப்பிட்டால் அது தசையில் கரையும். ஓசூரில் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தவர் அதே இரண்டு உருண்டையைச் சாப்பிட்டால் மிச்சம் கல்லீரலுக்குத்தான் போகும். சாப்பாடு மாறவில்லை, வேலை மாறிவிட்டது.

வி.எல்.டி.எல்.லில் உள்ள டிரைகிளிசரைடை அதே லிப்போபுரத லைபேஸ் வெட்ட வெட்ட, துகள் சிறுத்து ஐ.டி.எல். ஆகும். அதில் ஒரு பங்கு கல்லீரலுக்குத் திரும்பும். மிச்சம் இன்னும் சிறுத்து, உள்ளே பெரும்பாலும் கொலஸ்ட்ரால் எஸ்டர் மட்டுமே எஞ்சிய துகளாக மாறும். அதுதான் எல்.டி.எல். எல்.டி.எல். என்ற துகளை உடம்பு தனியாகப் பெரிதாக உற்பத்தி செய்வதில்லை; வி.எல்.டி.எல். சரக்கை இறக்கியபின் ரத்தத்தில் நிற்பதுதான் அது. வி.எல்.டி.எல். சில மணி நேரத்தில் மறையும், எல்.டி.எல். இரண்டு மூன்று நாள் சுற்றும்.

அதைப் பிடித்து உள்ளிழுப்பவை எல்.டி.எல். ஏற்பிகள், பெரும்பாலும் கல்லீரலில். இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஓர் ஏற்பி துகளைப் பிடித்து செல்லுக்குள் விட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி மேலே வந்து அடுத்ததைப் பிடிக்கும். பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் ஒட்டிக்கொண்டால் ஏற்பி மேலே திரும்பாது, உள்ளேயே சிதைந்துவிடும். கல்லீரல் செல்லில் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் ஏற்பி உற்பத்தி குறையும். பற்றாக்குறை வந்தால் கூடும். ஸ்டாடின் மாத்திரை வேலை செய்வது இந்த வழியில்தான். அது கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியை அடக்குகிறது, கல்லீரல் பற்றாக்குறையை உணர்ந்து ஏற்பிகளைக் கூட்டுகிறது, அந்த ஏற்பிகள் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை வாரி எடுக்கின்றன.

கைமாறும் இடம்

எச்.டி.எல். பிறக்கும்போது ஏறக்குறைய வெறும் புரதம். கல்லீரலும் குடலும் வெளியிடும் ஏபோ ஏ-1 புரதம், செல்களின் சவ்வில் உள்ள ஏ.பி.சி.ஏ.1 என்ற வாயில் வழியாகக் கொலஸ்ட்ராலையும் பாஸ்போலிப்பிடையும் வாங்கிக்கொண்டு தட்டையான துகளாகிறது. பிறகு எல்.கேட் என்ற நொதி அந்தக் கொலஸ்ட்ராலை எஸ்டராக மாற்ற, அது உள்ளே இறங்கித் துகள் உருண்டையாகிறது. ஏ.பி.சி.ஏ.1 பழுதானவர்களுக்கு டான்ஜியர் நோய் வரும். அவர்கள் ரத்தத்தில் எச்.டி.எல். ஏறக்குறைய இருக்கவே இருக்காது.

இப்போது முக்கியமான ஆள் வருகிறார்: கொலஸ்ட்ரால் எஸ்டர் மாற்றும் புரதம். சுருக்கமாக சி.இ.டி.பி. என்பார்கள். இது ஒரு துகளிலிருந்து கொலஸ்ட்ரால் எஸ்டரை எடுத்து இன்னொரு துகளுக்குக் கொடுத்து, பதிலுக்கு டிரைகிளிசரைடை வாங்கி வரும். எது எங்கே அதிகமோ அங்கிருந்து குறைவான இடத்துக்குப் போகும். எச்.டி.எல்.லிலும் எல்.டி.எல்.லிலும் கொலஸ்ட்ரால் எஸ்டர் நிறைய, வி.எல்.டி.எல்.லிலும் கைலோமைக்ரானிலும் டிரைகிளிசரைடு நிறைய. எனவே வி.எல்.டி.எல். டிரைகிளிசரைடைக் கொடுக்கும், கொலஸ்ட்ராலை வாங்கும்.

டிரைகிளிசரைடு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 90, 100 அளவில் இருப்பவருக்கு இந்த வியாபாரம் மெதுவாக நடக்கும், பெரிய கேடில்லை. 250, 300 என்று போனால் கொடுக்கும் கை பெருகிவிடும். அப்போது மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது.

எச்.டி.எல். தன் கொலஸ்ட்ராலை இழந்து டிரைகிளிசரைடால் நிரம்பும். அந்த டிரைகிளிசரைடைக் கல்லீரல் லைபேஸ் என்ற இன்னொரு நொதி வெட்டியதும் துகள் குன்றிப்போகும். ஏபோ ஏ-1 அதிலிருந்து கழன்று சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். ரிப்போர்ட்டில் எச்.டி.எல். 30, 35 என்று வரும். 'எனக்குப் பரம்பரையாகவே நல்ல கொலஸ்ட்ரால் குறைவு' என்று சொல்பவர்கள் பலரின் தாளில் பக்கத்து வரியில் டிரைகிளிசரைடு 200-ஐத் தாண்டியிருக்கும். பார்க்க வேண்டிய வரி அதுதான்.

எல்.டி.எல்.லுக்கும் இதே கதி. கொலஸ்ட்ராலைக் கொடுத்து டிரைகிளிசரைடு வாங்கும், அது வெட்டப்படும், துகள் சிறுத்து அடர்த்தியாகும். சிறுத்த எல்.டி.எல். ஏற்பியில் சரியாகப் பொருந்தாது. அதனால் ரத்தத்தில் கூடுதல் நேரம் சுற்றும். ஒவ்வொரு துகளிலும் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பதால், எண்ணிக்கை கூடினாலும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்று தாளில் வரும் எண் பெரிதாக ஏறாது.

மூன்றாவது காரியத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. வி.எல்.டி.எல்.லும் எஞ்சிய துகள்களும் கொலஸ்ட்ராலை வாங்கி வைத்துக்கொள்கின்றன. எரிபொருள் வண்டியாக இருந்தது கொலஸ்ட்ரால் வண்டியாகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் மாட்டினால் எல்.டி.எல்.லுக்கு இணையான கேட்டை அதுவும் செய்யும், ஆனால் தாளில் எல்.டி.எல். கணக்கில் அது சேராது.

எலிகளுக்கு இந்த மாற்றுப் புரதம் இயல்பாகவே கிடையாது. அவற்றின் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல்.லிலேயே இருக்கும், சாதாரண எலிக்குத் தமனி அடைப்பும் எளிதில் வராது. அப்படியானால் சி.இ.டி.பி.யை மாத்திரையால் தடுத்து எச்.டி.எல்.லை ஏற்றினால் மாரடைப்பு குறையுமே என்று மருந்து நிறுவனங்கள் எண்ணின. டார்செட்ராபிப் என்ற மாத்திரையை ஏறக்குறைய 15,000 பேரிடம் சோதித்தார்கள். எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது. ஆனால் மாத்திரை சாப்பிட்டவர்களில் சாவும் கூடியது. 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. பின்னால் வந்த டால்செட்ராபிப் பயனின்றி 2012-ல் நின்றது. 2017-ல் முடிவு வெளியான அனசெட்ராபிப் சோதனையில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இதய நிகழ்வுகள் 9 சதவீதம் குறைந்தன. அந்தச் சிறு பயனும் எச்.டி.எல். இரண்டு மடங்கானதற்கு ஈடாக இல்லை, எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற அளவில்தான் இருந்தது. நியாசின் என்ற பி-3 வைட்டமினைக் கொடுத்து எச்.டி.எல்.லை ஏற்றிப் பார்த்த பெரிய சோதனைகளும் பலன் தரவில்லை.

குறைந்த எச்.டி.எல். ஓர் எச்சரிக்கைக் குறி. குறியை மட்டும் பிடித்துத் தூக்கினால் நோய் மாறாது. 'நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும்' என்று விற்கப்படும் பொடிக்கும் கேப்ஸ்யூலுக்கும் காசு செலவழிப்பதைவிட, டிரைகிளிசரைடைக் கீழே கொண்டுவருவதில் அந்த அக்கறையைக் காட்டுவது பலன் தரும்.

சுவருக்குள் என்ன நடக்கிறது

ஏறக்குறைய 70 நானோமீட்டருக்குக் குறைவான ஏபோ பி துகள்கள் தமனியின் உள்தோலைக் கடந்து போகக்கூடியவை. முழுக் கைலோமைக்ரான் பெரியது, நுழையாது. சுருங்கிய எஞ்சிய துகள்களும் எல்.டி.எல்.லும் நுழையும். நுழைந்தவற்றில் பெரும்பாலானவை திரும்பி வெளியே வந்துவிடும். சில மட்டும் மாட்டிக்கொள்ளும்: ஏபோ பி-யில் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு பகுதி, சுவரில் உள்ள எதிர்மின்னூட்டம் கொண்ட புரோட்டியோகிளைக்கன் இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. மாட்டிய துகள் அங்கே ஆக்சிஜனேற்றமடைந்து கெடும். அதைத் தின்ன வெள்ளணுக்கள் வரும். அவை அளவில்லாமல் விழுங்கி, கொழுப்புத் துளிகளால் நிறைந்து நுரைசெல்களாகும். எரிக்க முடியாத கொலஸ்ட்ரால் ஆயிற்றே! செல் செத்தாலும் கொலஸ்ட்ரால் அங்கேயே படிகமாகத் தங்கும். காலப்போக்கில் கொழகொழவென்ற ஒரு மையமும் அதன்மேல் நார்மூடியும் உருவாகும். மூடி மெலிந்து கிழிந்தால் உள்ளிருப்பது ரத்தத்தைத் தொடும், நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதுதான். பாதிகூட அடைக்காமல் இருந்த படிவும் இப்படிக் கிழியலாம். அதனால்தான் நேற்றுவரை மாடிப்படி ஏறியவருக்கு இன்று திடீரென்று வருகிறது.

எத்தனை துகள் சுவரில் மாட்டும் என்பது இரண்டைப் பொறுத்தது: துகள்களின் எண்ணிக்கை, அவை ரத்தத்தில் எத்தனை ஆண்டு சுற்றின என்பது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி கூழ் ஆலை வாசலில் நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்து டன் மாங்காய் ஒரு லாரியிலும் வரலாம், பத்துப் பன்னிரண்டு டாடா ஏஸிலும் வரலாம். எடைமேடையில் எண் ஒன்றுதான்; சாலையை அடைப்பது வண்டியின் எண்ணிக்கை. எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்ற எண் எடைமேடைக் கணக்கு. ஏபோ பி வண்டிக் கணக்கு.

தாளைப் படிக்கும் விதம்

பாலக்கோட்டில் ஒருவர், பர்கூரில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தக் கொலஸ்ட்ரால் 198.

பாலக்கோட்டுக்காரருக்கு டிரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 34. பர்கூர்க்காரருக்கு டிரைகிளிசரைடு 90, எச்.டி.எல். 52. எல்.டி.எல்.லைப் பெரும்பாலான லேப்களில் நேரடியாக அளப்பதில்லை, 1972-ல் வந்த ஃபிரீட்வால்ட் சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது. பாலக்கோட்டுக்காரருக்கு 198-லிருந்து 34-ம் 52-ம் போக 112. பர்கூர்க்காரருக்கு 198-லிருந்து 52-ம் 18-ம் போக 128. எல்.டி.எல். வரியை மட்டும் பார்த்தால் பாலக்கோட்டுக்காரர் நிலைமை தேவலை என்று தோன்றும்.

இப்போது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள். பாலக்கோட்டுக்காரருக்கு 164, பர்கூர்க்காரருக்கு 146. இதுதான் எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால். ஏபோ பி உள்ள எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கிவிடும். இருவருக்குமே கூடுதல்தான், ஆனால் அதிகச் சுமை பாலக்கோட்டுக்காரருக்கு. அவருடைய எல்.டி.எல். துகள்கள் சிறுத்தவையாகவும் இருக்கும் என்பதால் உண்மை வித்தியாசம் இதைவிடவும் அதிகமாக இருக்கக்கூடும். இந்தக் கழித்தலுக்குத் தனிச் செலவில்லை, சாப்பிட்டுவிட்டு எடுத்த ரத்தத்திலும் பெரிதாக மாறாது.

உங்கள் தாளில் உள்ள வி.எல்.டி.எல். எண்ணை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். சரியாக டிரைகிளிசரைடு வந்தால் அது அளந்த எண் அல்ல, வகுத்துப் போட்ட எண். அந்தச் சூத்திரம் டிரைகிளிசரைடு ஏற ஏறத் தவறும், எல்.டி.எல்.லை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். 400-க்கு மேல் போனால் பயன்படுத்தவே கூடாது. அப்போது நேரடியாக அளக்கும் எல்.டி.எல்., முடிந்தால் ஏபோ பி சோதனை கேட்கலாம்.

இலக்கு எண்கள்: பெரிய ஆபத்து இல்லாதவருக்கு எல்.டி.எல். 100-க்குள், எச்.டி.எல். அல்லாதது 130-க்குள். சுகரோடு வேறு ஆபத்துகளும் உள்ளவருக்கு முறையே 70-க்குள், 100-க்குள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இன்னும் கீழே. ஏபோ பி என்றால், ஆபத்து மிக அதிகமுள்ளவருக்கு 65-க்குள், அதிகமுள்ளவருக்கு 80-க்குள், நடுத்தர ஆபத்துக்கு 100-க்குள் என்பது 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல்.

நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், 2014-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப்' (ICMR-INDIAB) என்ற ஆய்வில், தமிழ்நாடும் சேர்ந்த நான்கு பகுதிகளில், எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம், டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். எல்.டி.எல். கூடியிருந்தவர்கள் 11.8 சதவீதம் மட்டுமே. எல்.டி.எல். வரியை மட்டும் பார்க்கும் கண் இத்தனை பேரைத் தவறவிடும்.

இன்னொரு சோதனை வாழ்நாளில் ஒருமுறை போதும்: லிப்போபுரதம் ஏ. எல்.டி.எல். போன்ற துகளின் ஏபோ பி-யோடு இன்னொரு புரதம் இணைந்த வடிவம் இது. அளவைப் பெரும்பாலும் மரபணுதான் தீர்மானிக்கிறது. சாப்பாட்டாலோ நடையாலோ மாறாது. 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் கேட்டு எடுத்துவிடுங்கள்.

ரத்தம் கொடுக்கும் நேரத்திலும் கவனம் வேண்டும். டிரைகிளிசரைடு ஏற்கெனவே கூடியவர் 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். முந்தைய நாள் கிடா விருந்தோ குடியோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். கடும் காய்ச்சலின்போதும் மாரடைப்பு வந்து ஒரு நாள் கழிந்தபின்னும் எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து காட்டும். கர்ப்பத்தில் டிரைகிளிசரைடு இயல்பாகவே ஏறும். தைராய்டு குறைந்தால் எல்.டி.எல். ஏற்பிகள் குறைந்து எல்.டி.எல். ஏறும், எனவே புதிதாக எகிறிய எண்ணைப் பார்த்ததும் தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச்.சும் சுகரும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

எதை மாற்றினால் எது மாறும்

'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று பாட்டிலில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. அதுதான் கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைக்கிறது. தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதம், ரேஷன் பாமாயிலில் பாதிக்குப் பாதி, செக்கில் ஆட்டிய நிலக்கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாமாயிலை விடவே முடியாத வீடுகளில் வடை போண்டா சுடுவதைக் குறைத்து, தாளிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டாலே வித்தியாசம் தெரியும்.

டிரைகிளிசரைடுக்கு வழி வேறு. எண்ணெயைக் குறைத்தும் சோறு, களி, டீயில் சர்க்கரை, ஜூஸ், குடி எதையும் குறைக்காதவருக்கு எண் அசையாது. சோற்றில் பாதியைக் கொள்ளு, அவரை, கீரை, முட்டை என்று மாற்றுவதும், சாப்பிட்டபின் நடப்பதும், தொப்பை குறைவதும்தான் வி.எல்.டி.எல். உற்பத்தியை இறக்கும். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டி 1,000-ஐ நெருங்கினால் கவலை இதயத்தோடு நிற்பதில்லை. கணைய அழற்சி வரலாம். அப்போது மட்டும் எண்ணெயையும் கறாராகக் குறைத்து, குடியை அறவே நிறுத்தி, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரையில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாடின் 10 மில்லிகிராம் எல்.டி.எல்.லை ஏறக்குறைய 37 சதவீதம் இறக்கும். அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். எனவே பற்றாதபோது, குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைபைச் சேர்ப்பார்கள். அது இன்னும் 20 சதவீதம் அளவுக்கு இறக்கும். எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறையும் ஒவ்வொரு படிக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, ரிப்போர்ட் நன்றாக வந்ததும் நிறுத்திவிடுவது. மாத்திரை நின்ற சில வாரத்தில் ஏற்பிகள் பழைய அளவுக்குத் திரும்பும், எல்.டி.எல்.லும் திரும்பும். நன்றாக வந்த ரிப்போர்ட் மாத்திரையின் வேலை. தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டாடினுக்கு மாற்றவோ முடியும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வீடு தேடி வருவதால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. சுகர் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை லிப்பிட் சோதனை எடுத்து, எச்.டி.எல். அல்லாத எண்ணைக் கணக்குப் போட்டு, அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சுவலி வந்தால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம்: 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

கடைசியாக, சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்களுக்கு. எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவில் ஒரு பிரதி பழுதானவர்களுக்கு எல்.டி.எல். பெரும்பாலும் 190-க்கு மேல் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய 250 பேரில் ஒருவர். அக்கா மகளையோ மாமன் மகளையோ மணந்து இருவருமே அந்தப் பழுதைச் சுமந்தால், நான்கில் ஒரு குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வரும். அந்தக் குழந்தைக்கு எல்.டி.எல். 400-க்கும் மேல் போகும், பதின்ம வயதிலேயே மாரடைப்பு வரலாம். முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் நிறக் கட்டிகள், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது, கைவிரல் முட்டிகளில் புடைப்பு ஆகியவை அடையாளம். குடும்பத்தில் ஒருவருக்கு 190 தாண்டியிருந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோருக்கும் லிப்பிட் சோதனை எடுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்குமேல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.